சாயம் ஏறாத தையல்

கலக்குவதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் ஏறாமல், தேமல் வந்த முதுகு மாதிரித் திட்டுத் திட்டாக நின்றுவிடும். சோதனைக்குப் போட்ட முதல் சட்டை அப்படித்தான் ஆனது. அது போனால் போகிறது, உக்கடத்துப் பழைய துணிக் கடையில் குவியலிலிருந்து உருவியது, இன்னொன்றை உருவிக்கொள்ளலாம். ஆனால் இப்போது தொட்டிக்குள் கிடப்பது கோட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கோட்டு, இந்த வருஷம் முழுக்க நான் பொறுக்கி, வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்தது, இதற்கு மாற்று கிடையாது, நாளைக் காலை ஜூரி, வெளியாட்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மூங்கில் கம்பைத் தள்ளு, அடியிலிருந்து தூக்கு, திருப்பு, அமுக்கு. தோள் வலிக்கிறது, வலிக்கட்டும், கை நன்றாக வேலை செய்யும் கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேன்டீனுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த இந்தச் சாய அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. வகுப்பில் மற்ற எல்லாரும் மாடியில் ஏசி ஓடுகிற ஹாலில் பொம்மைகளுக்கு உடை மாட்டி, இஸ்திரி போட்டு, ஒருத்தியை ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இங்கேதான் பிடிக்கிறது. சலவைச் சோடாவின் நெடி, மூக்கில் வந்து படிகிற உப்பு ஆவி, தகரத்தின் மேல் அணில் ஓடுகிற சத்தம். டப்பாவில் கறுப்பு என்று எழுதியிருந்தாலும் தண்ணீரில் கரைத்தவுடன் கத்தரிப்பூ நிறம்தான் வந்தது, முதல் தடவை இதைப் பார்த்துத் தப்பான டப்பா என்று பயந்து ஓடினேன், இப்போது பயம் இல்லை, கறுப்பு தன் நேரத்துக்கு வரும், அது வரும்வரை கலக்கிக்கொண்டிருப்பதுதான் என் வேலை, கலக்கும்போது மனசு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கை இங்கே இருந்தால் போதும்.

அந்த முதல் சட்டை திட்டுத் திட்டாக வந்தபோது எனக்கு அழுகை வந்தது நிஜம்தான். ஆனால் காயப்போட்ட பிறகு கிட்டே போய்ப் பார்த்தால் தையல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. துணி பருத்தி, தைத்த நூல் பாலியஸ்டர், பருத்திக்கு உண்டான சாயம் அந்த நூலில் ஏறவில்லை. பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியதுதான், ஆனால் கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. யாரோ ஒரு டெய்லர் பக்கவாட்டில் ஓட்டிய நேர்க்கோடு. அதற்குள்ளே இன்னொரு கோடு, இடுப்பைப் பிடித்தது. அதற்கும் உள்ளே இன்னொன்று, இன்னும் பிடித்தது. சட்டைக்காரர் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சர்க்கரையோ, கவலையோ, இல்லை அண்ணன் சட்டை தம்பிக்குப் போனதோ. காலரைத் திருப்பிப்போட்டுத் தைத்த கோடு. முழங்கை கிழிந்த இடத்தில் கையால் போட்ட கோணல்மாணல் தையல், அது டெய்லர் போட்டதில்லை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாரோ போட்டது. துணியின் நிறம் இருந்தவரை இதெல்லாம் தெரியவில்லை, கறுத்த பிறகு நட்சத்திரம் மாதிரித் தெரிகிறது, சே, நட்சத்திரம் வேண்டாம், ஜூரியில் நட்சத்திரம் என்று சொன்னால் கூடப் படிக்கிற ரிதன்யா சிரிப்பாள், வெள்ளைக் கோடு மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பழைய துணிகளைச் சேர்க்கும்போது பழைய தையல்களைப் பிரிக்கப்போவதில்லை. நான் போடுகிற தையலைப் பருத்தி நூலில் போடுவேன். தையல் லேபில் நூல்கண்டின் அடியில் மிஞ்சித் தூக்கிப்போடுகிற நூலைப் பொறுக்கி வைத்தேன், அதில்தான் தைத்தேன். எல்லாம் சேர்ந்து தொட்டிக்குள் போகும். என் தையல் கறுத்து மறைந்துபோகும். அவர்களுடைய தையல் நிற்கும். பட்டனிலிருந்து உள்பட்டி வரை ஒரு அங்குலம்கூடப் புதுசு கிடையாது. தலைப்புப் பலகையில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், அழிக்க முடியாத மார்க்கரில். எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இதை வேறு யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

திருப்பு. அமுக்கு. கோட்டின் கை ஒன்று மிதந்து மேலே வருகிறது, முங்கப்போகிற ஆள் கை மாதிரி. அதன் நிறம் மற்றதைவிட வெளிறித் தெரிகிறதா? ஆவியில் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கை ஒரு யூனிஃபார்ம் சட்டையிலிருந்து எடுத்தது, நூலை உருவி எரித்துப் பார்த்தேன், சாம்பலாகத்தான் உதிர்ந்தது, பாலியஸ்டர் மாதிரி உருகவில்லை, பருத்திதான் என்று வைத்துக்கொண்டேன், ஒரு நூலை எரித்துவிட்டு முழுத் துணியைப் பற்றி முடிவு பண்ணலாமா? குறுக்கு நூலில் கலப்படம் இருந்தால்? சரி, வெளிறினால் வெளிறட்டும். இல்லை, வெளிறக்கூடாது. நாளைக்கு வருகிறவர்களில் ஒருவர் ஏற்றுமதி கம்பெனியில் நிறம் பார்த்தே தலை நரைத்தவராம், அவருக்குப் பிடித்த வேலைகளைச் சென்னைக் கண்காட்சிக்கு எடுத்துப்போவார்களாம். ஹேமலதா மேடம்தான் சொன்னார்கள். எங்கள் துறைத் தலைவி, நல்லவர்கள், என்மேல் அக்கறை உண்டு, அந்த அக்கறைதான் சில நேரம் சிக்கல். சற்று முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் வந்து நின்றார்கள். “மித்ரா, இன்னும் முடியலையா?” “இன்னும் கொஞ்ச நேரம் ஓடணும் மேடம்.” “அந்த வெள்ளைத் தையலையெல்லாம் பிரிச்சிருக்கலாம்மா. ஃபினிஷிங் சரியில்லைன்னுதான் நினைப்பாங்க.” “அதுதான் மேடம் டிசைனே.” “எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வேறு ஆள் இல்லாத அறையில் எதற்குத் தாழ்த்த வேண்டும்? “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. உங்கம்மா வீட்டு வேலை செய்யறாங்க, நீ சின்ன வயசுல அந்த வீட்டுத் துணியைப் போட்டு வளந்தே, அதையெல்லாம் ஆரம்பத்துலயே சொல்லிடு. ஜூரிக்கு அப்படியே உருகிடும்.” நான் கம்பை நிறுத்தவில்லை. “நூலைப் பத்திச் சொல்றேன் மேடம். சாயத்தைப் பத்திச் சொல்றேன். அம்மாவைப் பத்திச் சொல்ல மாட்டேன்.” குரல் கொஞ்சம் கறாராக வந்துவிட்டது. மேடம் ஒரு நொடி பார்த்துவிட்டு, “உன் இஷ்டம்மா” என்று போய்விட்டார்கள். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது சரிதான். கோட்டு நன்றாக இருந்தால் கோட்டுக்கு மதிப்பெண் போடட்டும். நன்றாக இல்லாவிட்டால் அம்மாவைக் காட்டி வாங்குகிற மதிப்பெண் எனக்கு எதற்கு.

வீட்டுத் துணி. அந்த வீட்டுத் துணி. அவர்கள் கொடுக்கிற துணியில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும், எங்கள் சோப்பில் எத்தனை தடவை துவைத்தாலும் போகாத, பீரோவுக்குள் போடுகிற அந்துருண்டை வாசனை. ஏழாவது படிக்கும்போது எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு ஓவியப் போட்டி நடந்தது, பெரிய கல்யாண மண்டபத்தில். நான் பச்சைச் சுடிதார் போட்டுப் போயிருந்தேன், கையில் கண்ணாடி வைத்துத் தைத்தது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கிரேயானைத் திறந்து உட்கார்ந்தால் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடி வருகிறாள். வர்ஷினி. அம்மா வேலை செய்கிற வீட்டுப் பெண். “ஏய், இது என்னோட சுடிதார்!” முகமெல்லாம் சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கேலி பண்ணியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம், அவள் காணாமல்போன நாய்க்குட்டியைப் பார்த்த மாதிரிச் சந்தோஷப்பட்டாள். என் கையைப் பிடித்து மணிக்கட்டருகே துணியை மடக்கி, “இங்க பாரேன், நான் பேனாவால கிறுக்கினது இன்னும் இருக்கு” என்று காட்டினாள். இருந்தது. சின்ன நீலப் பூ. எனக்கு அது அன்றுவரை தெரியாது. சுற்றிலும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை நிமிராமல் மலையும் சூரியனும் வரைந்தேன், இரண்டாம் பரிசு வந்தது, மேடையில் எடுத்த போட்டோவில் ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அதற்கப்புறம் அந்தச் சுடிதாரைப் போடவில்லை. “இறுக்கமா இருக்குதா கண்ணு?” என்று அம்மா கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். அந்த நீலப் பூவை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது, ஆனால் இப்போது கூடவே வேறொன்றும் தோன்றுகிறது. சாயத்தில் போட்டிருந்தால் அந்தப் பேனாக் கிறுக்கல் என்ன ஆகியிருக்கும்? நின்றிருக்குமா, கரைந்திருக்குமா? இப்படியெல்லாம் யோசிக்கிற பெண்ணாக நான் ஆகிவிட்டேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, கோட்டில் கடைசியாகச் சேர்க்க வேண்டிய துணி மூட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூடத்தில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். சங்கமித்ரா என்று எனக்குப் பேர் வைத்தவர் அவர், அவர் இருந்திருந்தால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தாள். “இதென்ன, ஆரோட துணி?” “யாரோடதுன்னு தெரியாதும்மா, கடையில வாங்கினேன்.” “காசு குடுத்தா?” அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம். எங்களுக்குச் சும்மா வந்து விழுந்ததைப் போய் நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். “செத்தவிக துணியாக்கூட இருக்கும்.” “இருக்கலாம்மா.” “இருக்கலாமா? ஊரார் உடுத்துப் போட்டதை நீ உடுத்தக்கூடாதுன்னுதான் நாலு வீட்ல பாத்திரம் தேச்சு உன்னைப் படிக்க வெச்சேன். நீ படிச்சுப்போட்டு அதையே மூட்டை கட்டிக்கிட்டு வர்றே.” நான் பாலியஸ்டர், பருத்தி, சாயம், தையல் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வார்த்தைகள் ரிதன்யாவின் வார்த்தைகள் மாதிரியே கேட்டன. ரிதன்யா பூமியைக் காப்பாற்றுகிறாள், புத்தம்புதுத் துணி வாங்கிக் கிழித்து ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறாள். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. கம்பு வழுக்குகிறது. அமுக்கு. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தால்? அந்தப் பழைய துணியை விட்டு வெளியே வரத் தெரியாதவள் இருக்கிற இடத்துக்கே அலங்காரம் பண்ணுகிறாள் என்றால்? நான் மட்டும் ஏன் இந்தக் குவியலைத் தேடிப் போனேன், வகுப்பில் எத்தனை பேர், பட்டு எடுத்தார்கள், மூங்கில் நார் எடுத்தார்கள், வாழை நார் எடுத்தார்கள். நான் குவியலுக்குள் கையை விட்டதும் விரலுக்கு எல்லாம் தெரிந்தது, இது மெல்லிய வாயில் துணி, இது பாப்ளின், இது துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன மல், எனக்குத் துணி தெரிந்ததே அந்தத் துணிகளில்தான், இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் இன்னும் வலிக்கும். இல்லை. நான் தேடிப் போனதற்குக் காரணம் அது நல்ல துணி. நல்ல துணி யார் உடுத்தினாலும் நல்ல துணிதான். அவ்வளவுதான். அமுக்கு.

போன் அடிக்கிறது. ஒரு கையின் உறையை மட்டும் உருவி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைக்கிறேன். அம்மா. “கேட்டுல நிக்கறேன். உள்ள உடமாட்டேங்கறாங்க.” இந்தக் கல்லூரிக்கு அம்மா வந்ததே இல்லை. சேர்த்துவிட்ட அன்றைக்குக்கூட அப்பாதான் வந்தார். என்ன ஆச்சு, அப்பாவுக்கு ஏதாவதா, வடக்கே ரோட்டில் ஏதாவதா? “ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்” என்கிறாள். காவல்காரரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, “எங்கம்மாதாங்கண்ணா, டையிங் ரூமுக்கு அனுப்புங்க” என்கிறேன். என்னால் நகர முடியாது, நகர்ந்தால் திட்டு விழும். நீளமான அந்த நடைபாதையில் அம்மா தனியாக வருவாள். கொடிக்கம்பம், பொட்டானிக்கல் கார்டன், கேன்டீன் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், யாரைப் பார்த்தாலும் ஓரமாக ஒதுங்குவாள், ஒதுங்காதே அம்மா, நடுவில் நட. கலக்கிக்கொண்டே கதவைப் பார்க்கிறேன். வந்துவிட்டாள். வேலைக்குக் கட்டுகிற சேலையில்லை, கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை. கட்டைப்பையை நெஞ்சோடு பிடித்திருக்கிறாள். “என்ன இந்த வேக்காடு” என்கிறாள் முதலில். பிறகு பையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கவரை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். “என்னம்மா?” “துணி. வெள்ளைக் காட்டன். உனக்கு என்ன கலர் வேணும்னு தெரியல, வெள்ளைன்னா எதோடயும் சேருமில்ல. அந்தக் கோட்டுக்குள்ள எங்கியாச்சும் வெச்சுத் தை. மேல ஒட்டறது ஊரார் துணியா இருந்தாலும் உன் ஒடம்புல படறது புதுசா இருக்கட்டும்.” கவரை அவளே பிரித்து ஓரத்தை விரித்துக் காட்டுகிறாள். முனையில் மஞ்சள் தடவியிருக்கிறாள்.

வாங்கிக்கொண்டால் என்ன? வாங்கிக்கொள். யாருக்குத் தெரியப்போகிறது? நரைத்த தலைக்காரருக்குத் தெரியாது, மேடத்துக்குத் தெரியாது. ஆனால் பலகையில் ஒரு அங்குலம்கூடப் புதுசு இல்லை என்று எழுதியிருக்கிறேன், அது எனக்குத் தெரியும். அம்மா கடை கடையாக ஏறி இறங்கி, விரித்துக் காட்டச் சொல்லி, இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி வந்திருக்கிறாள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சொல்லாவிட்டால் நாளைக்கு ஜூரியில் எந்த வாயால் பேசுவது. “அம்மா” என்கிறேன். “இதுல புதுசு வெக்க முடியாதும்மா. எல்லாமே பழசுன்னு சொல்லித்தான் செய்யறேன். ஒண்ணு மாறினாலும் பொய்யாயிரும்.” அம்மா துணியைத் திரும்ப மடிக்கிறாள், கடைக்காரர் மடித்த அதே மடிப்பில். முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டியைப் பார்க்கிறேன், நேரமாகிவிட்டது, எடுக்க வேண்டும், கம்பில் கோட்டைச் சுற்றித் தூக்குகிறேன், அலசும் தொட்டியில் போடுகிறேன், தண்ணீரைத் திறந்து விடுகிறேன். கறுப்பு ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரை மாற்றுகிறேன், மறுபடி கறுப்பு, மறுபடி மாற்றுகிறேன், பிறகு நீர் தெளியத் தெளிய ஒவ்வொன்றாக வருகின்றன. முதுகில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. இடுப்பில் மூன்று. மார்பில் பை தைத்த சதுரம். அந்த யூனிஃபார்ம் கை, நினைத்தது போலவே, கலப்படம்தான், சாம்பல் நிறத்தில் வெளிறி நிற்கிறது, பார்த்ததும் பக்கென்றது, அடுத்த நொடியே தெரிந்துவிட்டது, இருக்கட்டும், தையல் மாதிரி அதுவும் தன் பழசைக் காட்டட்டும், அந்தக் கை அப்படித்தான் இருக்க வேண்டும். திட்டு இல்லை. எங்கேயும் இல்லை. நன்றாக வந்திருக்கிறது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, என் வாயால் நானே சொல்கிறேன். பிழிய வேண்டும், ஈரத்தில் கனம் ஒரு ஆள் கனம், நான் காலர்ப் பக்கத்தைப் பிடித்துத் தூக்க, அடிப்பக்கம் தரையில் படப்போகிறது. அம்மா சட்டென்று வந்து அந்தப் பக்கத்தை அள்ளிக்கொள்கிறாள்.

“அம்மா, கையில ஏறிக்கும். உறை இல்லை.” “பேசாத, முறுக்கு.” நான் வலப்பக்கம் முறுக்க, அவள் இடப்பக்கம் முறுக்குகிறாள். போர்வை பிழிகிற மாதிரி. உள்ளே தங்கிய மிச்சக் கறுப்பு அவள் விரல் இடுக்குகளில் வழிந்து முழங்கைக்கு ஓடி நீலச் சேலையில் சொட்டுகிறது, அவள் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்க்கிறாள். ஒரு இடத்தில் நிறுத்தி வெள்ளைத் தையலைக் கட்டைவிரலால் தடவுகிறாள். “இது நீ போட்டதா?” “இல்லைம்மா, அது யாரோ போட்டது. நான் போட்டது தெரியாது.” “அப்பறம் நீ செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?” “பாத்தாத் தெரியும்மா. யாரும் இப்படிச் செஞ்சதில்ல.” சொன்ன பிறகுதான் எவ்வளவு திமிராக இருக்கிறது என்று உறைக்கிறது. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக முழுசாகப் பார்க்கிறாள். “வாய்க்கொழுப்பு” என்கிறாள். ஆனால் உதட்டோரம் இழுத்துக்கொள்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைக் கம்பியில் போடுகிறோம், அவள் தோள்பட்டையை உதறி நீவி நேராக்குகிறாள். இரண்டு கையும் கறுத்திருக்கின்றன. நாளைக்கு வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் அம்மாவைக் கேட்பார்கள், ருக்கு, கையில் என்ன என்று. துடைக்கத் துணி தேடுகிறாள் என்று நினைத்து, மூலையில் குவிந்திருக்கிற கரித்துணியைக் காட்டுகிறேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேசைக்குப் போய், கவருக்குள் கையை விட்டு, அந்த வெள்ளைத் துணியை உருவி, ஒரு கையை அழுந்தத் துடைக்கிறாள், பிறகு மறுகையை, பிறகு ஒவ்வொரு விரலாக. “அம்மா! புதுசும்மா அது!” நான்தான் கத்துகிறேன். அம்மா துணியை விரித்துப் பார்க்கிறாள். நடுவில் அவள் கை, விரலோடு, கறுப்பாக. “இப்ப எங்க புதுசு? கை தொடச்ச துணி” என்கிறாள். “இப்ப வெச்சுத் தைக்கலாமல்ல?”

சிரிப்பு வருகிறது, சிரித்துக்கொண்டே சரி என்று தலையை ஆட்டுகிறேன். அம்மா சோப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். நான் துணியை மேசைமேல் விரித்து, சுருக்கம் நீவி, அந்தக் கை நடுவில் வருகிற மாதிரிக் கோட்டின் உள்பக்கக் கழுத்துப் பட்டியின் அளவைக் குறித்து, வெட்டுகிறேன்.